கணைக்கால் எலும்பில் ராடு வைத்து 11 வாரம் கழித்து கணுக்காலிலும் முறிவு என்கிறார்கள்: முதலிலேயே ஏன் தெரியவில்லை?

கேள்வி: தம்பிக்காகக் கேட்பவன்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 38. ஒயரிங் வேலை செய்கிறான். ஐப்பசி மழையில் பாசி பிடித்துக் கிடந்த மாடிப்படியில் இறங்கும்போது, வலது பாதம் படியின் விளிம்பில் சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பி விழுந்துவிட்டான். எக்ஸ்ரேயில் கணைக்காலின் பெரிய எலும்பு, அதாவது டிபியா, கீழ்ப் பகுதியில் திருகலாக முறிந்திருந்தது. பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலா முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அறுவை சிகிச்சை செய்து, எலும்பின் உள்ளே ராடு செலுத்தி, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகத் திருகாணி போட்டார்கள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றும், ஆறாவது வாரத்திலிருந்து முழு எடையையும் ஊன்றி நடக்கலாம் என்றும் சொன்னார்கள். அவனும் அப்படியே நடந்தான்.

கணைக்காலில் இப்போது வலி இல்லை. ஆனால் நடக்கத் தொடங்கிய நாள் முதலே கணுக்காலின் பின்புறத்தில், குதிநரம்புக்கும் கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்கும் இடைப்பட்ட இடத்தில், வலி இருந்துகொண்டே இருக்கிறது. படியில் இறங்கும்போது அது அதிகமாகிறது, மாலையானால் வீங்கிவிடுகிறது. மறுபரிசோதனைக்குப் போனபோது, ராடு வைத்தவர்களுக்கு வீக்கம் சில மாதம் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 11ஆம் வாரத்தில் வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கணுக்காலுக்கென்று தனியாக எக்ஸ்ரேயும் அதன்பின் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். 'போஸ்டீரியர் மல்லியோலஸில் முறிவு, விலகல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஓரளவு கூடியிருக்கிறது' என்று அறிக்கை வந்திருக்கிறது.

ஒரே காலில், ஒரு சாண் தொலைவுக்குள் இருந்த இன்னொரு முறிவு எப்படிக் கண்ணில் படாமல் போகும்? ராடைச் சுத்தியலால் அடித்து இறக்கியபோது அது முறிந்திருக்குமா? ஐந்து வாரம் எடை ஊன்றி நடந்ததால் மூட்டு கெட்டுப்போயிருக்குமா? மறுபடியும் அறுவை சிகிச்சை தேவைப்படுமா? உறவினர்களில் ஒரு சாரார் மருத்துவமனை மீது வழக்குப் போடச் சொல்கிறார்கள், இன்னொரு சாரார் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: எலும்பு அறுவை மருத்துவர், மதுரை

உங்கள் தம்பியின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கான சிகிச்சை முடிவை அவரை நேரில் பார்க்கும் மருத்துவரே எடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விபத்தின் விவரம், எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட ஒரு காயச் சேர்க்கையோடு ஏறக்குறைய வரிக்கு வரி ஒத்துப்போகிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வண்டி மோதியோ கனமான பொருள் விழுந்தோ கணைக்கால் முறிந்தால், பெரும்பாலும் இரண்டு எலும்புகளும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில், குறுக்காகவோ துண்டுகளாகவோ முறியும். பாதம் ஓரிடத்தில் சிக்கி, உடம்பு திரும்பும்போது நடப்பது வேறு. ஈரத் துணியைப் பிழிவதுபோல விசை கீழிருந்து மேலாக முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. டிபியாவும் ஃபிபுலாவும் கணுக்காலுக்குச் சற்று மேலே வலுவான தசைநார்களால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பின்புறத் தசைநார் டிபியாவின் அடிப்பகுதியின் பின் விளிம்பில் ஒட்டியிருக்கிறது. அந்தப் பின் விளிம்பைத்தான் போஸ்டீரியர் மல்லியோலஸ் என்கிறோம். பாதம் வெளிப்புறமாகத் திருகப்படும்போது அந்தத் தசைநார் தான் பற்றியிருக்கும் எலும்பையே ஒரு துண்டாகப் பிய்க்கப் பார்க்கும். அதோடு நில்லாத விசை மேலேறி டிபியாவின் தண்டைத் திருகலாக முறித்து, கடைசியில் ஃபிபுலாவை அதற்கும் மேலே ஓரிடத்தில் முறித்துவிட்டு வெளியேறும். உங்கள் தம்பிக்கு ஃபிபுலா முழங்காலுக்கு அருகில் முறிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? திருகல் முறிவு, அதுவும் கீழ் மூன்றிலொரு பகுதியில், ஃபிபுலா வேறு மட்டத்தில்: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதே கணுக்காலின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயமும் அல்ல. இந்தச் சேர்க்கை புறக்கணிக்கப்படுகிறதா என்ற கேள்வியை நெதர்லாந்து மருத்துவர்கள் இருவர் 1988ஆம் ஆண்டிலேயே எழுப்பினார்கள். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீழ்ப்பகுதியில் திருகலாக முறிந்த கணைக்கால்களுக்கு அறுவைக்கு முன்பே சி.டி. எடுத்துப் பார்த்தபோது, 39 விழுக்காட்டினருக்குப் பின் விளிம்பிலும் முறிவு இருந்தது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பிய கணக்குகளில் இந்த விகிதம் மிகக் குறைவாகவும், எம்.ஆர்.ஐ. எடுத்துத் தேடிய ஆய்வுகளில் இதைவிட மிக அதிகமாகவும் வருகிறது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதைவிட, எதைக் கொண்டு தேடினோம் என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன என்று நான் நினைக்கிறேன்.

கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கணைக்கால் முறிந்து அவசரப் பிரிவுக்கு வருபவரால் பாதத்தைத் துளியும் அசைக்க முடியாது. எங்கே வலிக்கிறது என்றால் முழுக் காலையும் காட்டுவார். பெரிய முறிவின் வலியில் சிறிய முறிவின் வலி முழுகிப்போய்விடும். பின் விளிம்பின் முறிவோ பெரும்பாலும் விலகாத, மயிரிழை போன்ற ஒரு கோடு. மருத்துவரின் கண்ணும் படத்தின் நடுவில் பளிச்சென்று தெரியும் முறிவிலேயே நின்றுவிடும். ஒன்றைக் கண்டவுடன் தேடுவதை நிறுத்திவிடும் இந்தப் பழக்கத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் எச்சரிக்கிறோம். அப்படியிருந்தும் எங்களுக்கே அது நேர்ந்துவிடுகிறது.

ராடைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. முழங்காலின் அருகே எலும்பைத் துளைத்து, உட்குழலைச் சீவிப் பெரிதாக்கி, ராடைக் கணுக்கால் மூட்டுக்குச் சற்று மேலே வரை தட்டித்தான் இறக்குகிறோம். அந்த அதிர்ச்சி, முன்பே இருந்த மயிரிழை முறிவை விலகச் செய்யலாம் என்பதால்தான், முன்கூட்டியே தெரிந்தால் பல மருத்துவர்கள் தோலில் சிறு துளையிட்டு, முன்னிருந்து பின்னாக ஒன்றிரண்டு திருகாணிகளைப் போட்டு அந்தத் துண்டைப் பிடித்து வைத்துவிட்டு, அதன் பிறகே ராடை இறக்குகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடக்கூடிய கூடுதல் வேலை அது. உங்கள் தம்பிக்கு விலகல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், ராடு இறங்கியபோது பெரிய சேதம் நேரவில்லை என்றே கொள்ளலாம். முறிவு அறுவைக்கு முன்பே இருந்ததா என்பதை அறிய முதல் நாள் எடுத்த படங்களைத் தேடி எடுங்கள்.

மறு அறுவையைப் பொறுத்தவரை, துண்டு மூட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் திருகாணி போட வேண்டும் என்பது பழைய விதி. இப்போது அளவை மட்டும் பார்ப்பதில்லை. மூட்டுப் பரப்பில் படிக்கட்டுபோல மேடுபள்ளம் இருக்கிறதா, டிபியாவுக்கு நேர் கீழே இருக்கும் பாதத்தின் டாலஸ் எலும்பு பின்னோக்கி நழுவியிருக்கிறதா, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் உறுதியாக இருக்கிறதா, துண்டு உட்பக்கம் வரை நீண்டிருக்கிறதா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. விலகாமல், கூடத் தொடங்கிவிட்ட முறிவுக்கு 11ஆம் வாரத்தில் யாரும் எளிதில் கத்தியை எடுக்க மாட்டார்கள். எடை ஊன்றுவதைச் சில வாரங்களுக்குக் குறைத்து, மறுபடியும் படம் எடுத்துப் பார்ப்பதே வழக்கம். நின்றபடி, இரண்டு கணுக்கால்களையும் ஒப்பிட்டு ஓர் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். எலும்புகளின் இடைவெளி எடை தாங்கும்போது விரிகிறதா என்பது அதில் தெரியும்.

பதில் 2: எக்ஸ்ரே டெக்னீசியன், 19 ஆண்டு அனுபவம்

மருத்துவர் ஐயா விளக்கமாக எழுதிவிட்டார். நான் என் பக்கத்திலிருந்து, அதாவது படம் எடுப்பவனின் பக்கத்திலிருந்து, ஒன்றைச் சொல்ல வேண்டும். கணைக்காலின் படத்தில் கணுக்கால் தெரிகிறது என்பதால் அது கணுக்காலின் படமாகிவிடாது.

கணைக்காலைப் படம் எடுக்கும்போது கதிரின் மையம் கணைக்காலின் நடுவில் விழும். நேராக விழுவது அந்த ஓர் இடத்தில் மட்டுமே. மேலே முழங்காலிலும் கீழே கணுக்காலிலும் கதிர் சாய்வாகத்தான் விழுகிறது, அதனால் மூட்டு இடைவெளி கோணலாகத் தெரியும். பெரியவர்களின் கால் 35க்கு 43 சென்டிமீட்டர் தகட்டில் நேராக அடங்காது. குறுக்காக வைத்தால் கணுக்கால் ஒரு மூலைக்குப் போய்விடும். இதற்கு மேல், முறிந்த காலின் பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும். பக்கவாட்டுப் படம் எடுக்க அதைத் திருப்பினால் நோயாளி அலறுவார், ஆகவே கிடைத்த கோணத்தில் எடுத்து அனுப்புகிறோம். அந்தக் கோணத்தில் ஃபிபுலாவின் நிழல் பின் விளிம்பின் மேல் சரியாகப் படிந்து மறைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு மரச்சட்டமோ மாவுக்கட்டோ வேறு இருக்கும்.

கணுக்காலுக்கென்று எடுப்பதாக இருந்தால் மூன்று படங்கள் எடுப்போம்: நேர்ப் படம், சரியான பக்கவாட்டுப் படம், பாதத்தை 15 முதல் 20 பாகை உள்பக்கம் திருப்பி எடுக்கும் மார்ட்டிஸ் படம். ஆனால் சீட்டில் 'வலது கால், ஏ.பி., லேட்டரல்' (அதாவது நேர்ப் படம், பக்கவாட்டுப் படம்) என்று மட்டும் எழுதி வந்தால் நாங்கள் அதற்கு மேல் எடுக்க முடியாது. சீட்டில் 'கணுக்காலுடன்' என்று ஒரு சொல்லைக் கூடுதலாக எழுதியிருந்தால் போதும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

படங்களைக் கேட்கும்போது அச்சிட்ட ஃபிலிமை மட்டும் வாங்காமல் கணினியில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டில் பதிந்து தரும்படி கேளுங்கள். கணினியில் பெரிதாக்கியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தும் பார்த்தால்தான் இத்தகைய கோடுகள் புலப்படும். அறுவை அரங்கில் சி-ஆர்மில், அதாவது அறுவையின்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவியில், எடுத்த கடைசிப் படங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று பழைய மருத்துவமனைக்குச் சென்று கேட்டேன். தயங்கினாலும் படங்களைத் தட்டில் பதிந்து கொடுத்துவிட்டார்கள். இப்போது பார்க்கும் மருத்துவர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். விபத்து நடந்த இரவு எடுத்த பக்கவாட்டுப் படத்தின் ஓரத்தில், ஃபிபுலாவின் நிழலுக்கு உள்ளே, பென்சிலால் கீறியதுபோல ஒரு கோடு சாய்வாக இறங்குகிறது. இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கே தெரிகிறது, தெரியாமல் பார்த்திருந்தால் நிச்சயம் கவனித்திருக்க மாட்டேன். ஆகவே ராடு வைத்ததால் முறியவில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் ஆறாவது வாரத்தில் 'வலிக்கிறது' என்று தம்பி சொன்னபோதாவது கணுக்காலுக்கு ஒரு படம் எடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

நான்கு வாரத்துக்குப் பாதி எடைக்கு மேல் ஊன்றக் கூடாது என்று புது மருத்துவர் சொல்லியிருக்கிறார். பாதி எடை என்பதை எப்படி அளப்பது என்று தம்பி கேட்கிறான். எனக்கும் தெரியவில்லை.

பதில் 3: பிசியோதெரபிஸ்ட், கோவை

பாதி எடைக்கு எளிய வழி, வீட்டில் எடை பார்க்கும் கருவிதான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலைக் கருவியின் உயரத்துக்குச் சமமான ஒரு பலகையின் மேலும், அடிபட்ட காலைக் கருவியின் மேலும் வைத்து நிற்கச் சொல்லுங்கள். அவருடைய எடை 70 கிலோ என்றால், முள் 35ஐத் தொடும்வரை மெல்ல அழுத்திப் பார்க்கட்டும். அந்த அழுத்தம் உள்ளங்காலில் எப்படி உணரப்படுகிறது என்பதை நாளுக்குப் பத்து முறை பழகினால் இரண்டு மூன்று நாளில் கால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நடக்கும்போது மனிதர்கள் தாங்கள் நினைப்பதைவிட அதிகமாகத்தான் ஊன்றுகிறார்கள் என்பதால், முதலில் முள் 30இல் நின்றாலே போதும் என்று சொல்லி வையுங்கள்.

படியில் இறங்கும்போது வலி அதிகம் என்பதற்கும் காரணம் உண்டு. இறங்கும்போது பின்னால் ஊன்றியிருக்கும் காலின் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும், அதாவது பாதம் மேல்நோக்கியும் கணைக்கால் முன்னோக்கியும் வர வேண்டும். ராடு வைத்தவர்களுக்குப் பல வாரம் அசையாமல் இருந்ததால் கெண்டைச் சதை இறுகி அந்த மடக்கம் குறைந்துபோயிருக்கும், இவருக்கு மூட்டின் பின் விளிம்பிலும் காயம் இருக்கிறது. எனவே எடை ஊன்றுவதைக் குறைத்தாலும், மருத்துவர் அனுமதித்தால், உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பதை நிறுத்த வேண்டாம். குந்தி உட்காரும் கழிப்பறையைச் சில மாதங்களுக்குத் தவிர்த்துவிடுங்கள். அங்கே கணுக்கால் முழுவதுமாக மடங்கி, உடம்பின் எடை முழுவதும் அதன் மேல் இறங்கும்.

ராடுக்குப் பிறகு கணுக்காலில் வலி என்றால் எல்லாமே மறைந்திருந்த முறிவு என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே போட்ட திருகாணியின் தலை உட்பக்கத் தோலில் உரசினாலும் வலிக்கும். எலும்பு சற்றுத் திரும்பிக் கூடியிருந்தாலும் வலிக்கும், இரு பாதங்களும் ஒரே அளவு வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தால் அது தெரிந்துவிடும். கெண்டைச் சதை திடீரென்று வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புத்தூர் கட்டைப் பற்றி உறவினர்கள் சொல்வதை மறுக்கச் சங்கடமாக இருக்கும், அது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலேயே அது நடந்தது. ஆனால் உள்ளே ராடும் திருகாணியும் இருக்கும் காலை இழுத்து, எண்ணெய் போட்டு உருவி, இறுக்கிக் கட்டினால், கூடிக்கொண்டிருக்கும் துண்டு விலகவும் தோல் புண்ணாகவும் வாய்ப்பிருக்கிறது. தம்பிக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துவது எந்தக் கட்டையும்விட எலும்புக்கு நல்லது.

பதில் 4: எலும்பு அறுவை மருத்துவர், மதுரை

படத்தின் ஓரத்தில் கோடு இருந்தது என்பதைப் படித்தேன். உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் இரவில் அதைத் தவறவிட்டதைவிட, நடக்கத் தொடங்கிய பிறகும் ஒருவர் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்று சொல்லும்போது அந்த இடத்தைப் படம் எடுக்காமல் விட்டதுதான் பெரிய குறை. ராடு கணைக்காலைத் தாங்கிக்கொண்டிருப்பதால் வலி அங்கிருந்து விலகிவிடும். அதன் பிறகு எங்கே மிஞ்சுகிறதோ அங்கேதான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட எல்லா முறிவுகளுக்கும் சி.டி. எடுக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சிறிய மருத்துவமனைகளில் செலவும் நேரமும் தடையாக இருக்கின்றன என்பது உண்மை, எடுத்துத் தெரிந்துகொண்ட விலகாத முறிவுகள் பலவும் எதுவும் செய்யாமலே கூடிவிடும் என்பதும் உண்மை. நான் கீழ் மூன்றிலொரு பகுதித் திருகல் முறிவுகளுக்கு எடுத்துவிடுகிறேன். கணுக்காலை மட்டும் எடுக்கும் சி.டி.யில் கதிர்வீச்சு மிகக் குறைவு. எடுக்க வசதியில்லாத இடத்தில், ராடு போட்டு முடித்ததும் நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே சி-ஆர்மில் கணுக்காலைச் சரியான பக்கவாட்டில் பார்த்து, பாதத்தை வெளிப்பக்கம் திருகி எலும்புகள் விலகுகின்றனவா என்று சோதித்துவிடலாம். அதற்குத் தனிச் செலவு எதுவும் கிடையாது.

வழக்கைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையல்ல. ஆனால் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால், சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்திவிடாமல், அறுவைக் குறிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். வழக்கு இருக்கிறதோ இல்லையோ, பிற்காலத்தில் ராடை எடுக்க நேர்ந்தால், அது எந்த நிறுவனத்தின் ராடு, என்ன அளவு என்ற குறிப்பு எடுப்பவருக்குக் கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் எழுதாததற்கு மன்னிக்கவும். எடை பார்க்கும் கருவி நன்றாகவே பயன்பட்டது. தம்பி முதல் நாள் தான் 30 கிலோதான் ஊன்றுவதாக நினைத்து நின்றபோது முள் 52இல் நின்றது. சென்ற வாரம் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகளின் இடைவெளி இரண்டு கால்களிலும் ஒரே அளவு இருப்பதாகவும், பின் விளிம்பில் கோடு மங்கிவிட்டதாகவும் மருத்துவர் சொன்னார். இனிப் படிப்படியாக முழு எடை ஊன்றலாம், ஏணி ஏறும் வேலைக்கு மட்டும் இன்னும் இரண்டு மாதம் போக வேண்டாம் என்றிருக்கிறார். மாலை வீக்கம் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. அறுவைக் குறிப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, எல்லாப் படங்களோடும் ஒரே உறையில் வைத்துவிட்டேன்.